பழைய பிக்கப் மிஸ் அடிக்கிறது: மாற்ற வேண்டியது கார்புரேட்டரா, இன்ஜினா?

சகோதரி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்; தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். அப்பா ஓட்டிய 1990களின் தொடக்கத்து டொயோட்டா ஹைலக்ஸ். பெட்ரோல் வண்டி, 1.8 லிட்டர் 2ஒய் இன்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருவது கார்புரேட்டர். காலையில் ஸ்டார்ட் செய்தால் நின்ற இடத்தில் உதறுகிறது, சூடேறினால் ஓரளவு அடங்குகிறது. பினாங்குத் தீவில் உள்ள பாலிக் புலாவிலிருந்து பழக்கூடைகளை ஏற்றிக்கொண்டு துன் சார்டோன் சாலையில் பாயா தெருபோங் பக்கம் மேடேறும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது. மழை நாளில் இன்னும் மோசம். ஒரு பட்டறையில் பிளக்குகளையும் பிளக் வயர்களையும் மாற்றினார்கள், பலன் இல்லை. அடுத்து கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். இன்னொரு பட்டறையில் இன்ஜினே போய்விட்டது, ஓவர்ஹால் செய்யுங்கள் (முழுவதும் பிரித்துப் புதுப்பியுங்கள்) அல்லது ஹாஃப்-கட் இன்ஜின் (வேறொரு பழைய வண்டியிலிருந்து எடுத்த இன்ஜின்) போடுங்கள் என்கிறார்கள். இந்த இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது அதற்கு முந்தைய கேள்வியின் பதில் என்று நினைக்கிறேன்: பணத்தைக் கொடுப்பதற்கு முன், கோளாறு எங்கே இருக்கிறது என்று எப்படி உறுதி செய்துகொள்வது? அதற்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

நான் தொழிற்பயிற்சிக் கழகத்தில் படித்துவிட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டர்வொர்த் பக்கம் பழைய பெட்ரோல் வண்டிகளைப் பழுதுபார்த்து வருகிறேன். உங்கள் வண்டியின் சத்தத்தை நான் கேட்கவில்லை, பிளக்கின் நிறத்தைப் பார்க்கவில்லை. ஆகவே இங்கிருந்தபடி ‘இதுதான் கோளாறு’ என்று சொன்னால் அது நேர்மையாகாது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். உங்கள் நீண்ட கடிதத்தில் ஓர் அளவு கூட இல்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) எவ்வளவு, வேக்குவம் (இன்ஜின் காற்றை இழுக்கும் உறிஞ்சல்) எவ்வளவு, வயரின் மின்தடை எவ்வளவு என்று எந்தப் பட்டறையும் உங்களிடம் ஓர் எண்ணைச் சொன்னதாகத் தெரியவில்லை. அளக்காமல் கார்புரேட்டரை மாற்றச் சொல்வதும் ஊகம். அளக்காமல் இன்ஜின் போய்விட்டது என்பதும் ஊகம். இரண்டாவது ஊகம் உங்களிடமிருந்து மிகப் பெரிய தொகையைக் கேட்கிறது என்பதால், அதைச் சொன்னவருக்கு அளந்து காட்டும் பொறுப்பும் அதிகம்.

நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் (இன்ஜினின் சுழல் தண்டு) இரண்டு சுற்று சுற்றும்போது ஒருமுறை வெடிக்க வேண்டும். நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 400 முறை வெடிக்கிறது. அதற்கு மூன்று தேவை: உள்ளே வந்த பெட்ரோல்-காற்றுக் கலவை சரியான அளவில் இருக்க வேண்டும்; அது போதிய அளவு அழுத்தப்பட வேண்டும்; சரியான கணத்தில் வலுவான தீப்பொறி விழ வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த வெடிப்பு நடக்காது. மிஸ்ஃபயர் என்பது இவ்வளவுதான். ஆகவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது எந்தப் பாகம் கெட்டது என்பதை அன்று. எந்தச் சிலிண்டர் தவறுகிறது என்பதைத்தான். எப்போதும் ஒரே சிலிண்டரா, அல்லது நான்கும் மாறி மாறியா? இந்த ஒரு பிரிவினையைச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காலையில் உதறும்போது வண்டியின் பின்னால் நின்று புகைக்குழாயின் சத்தத்தைக் கேளுங்கள். குழாய்க்குச் சற்றுத் தள்ளி ஒரு துண்டுத் தாளைப் பிடித்துப் பார்த்தாலும் தெரியும். தவறும் அடி ஒரே தாளத்தில், எண்ணிவிடலாம் போல விழுந்தால், ஒரு சிலிண்டர் செத்துக் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தாளம் இல்லாமல் எப்போதாவது ஒன்று, பிறகு இரண்டு என்று தவறினால், நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் கோளாறு: கலவை, காயில் (பொறிக்கு உயர் வோல்ட் தருவது), இக்னைட்டர் (காயிலை இயக்கும் மின்னணுப் பாகம்), டைமிங் (பொறி விழும் நேரம்). இதை மூடிய கொட்டகைக்குள் செய்யாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மயக்கம் வரும்வரை அது இருப்பதே தெரியாது.

கார்புரேட்டர் யோசனையை நான் ஏன் சந்தேகிக்கிறேன் என்பதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது. ஒரே சட்டியில் வைத்த குழம்பை நான்கு இலைகளுக்குப் பரிமாறினால், உப்பு அதிகம் என்று ஒருவர் மட்டும் சொல்ல முடியாது. கார்புரேட்டர் அப்படிப்பட்டது, அது கலவையை ஓரிடத்தில் கலந்து நான்கு சிலிண்டர்களுக்கும் அனுப்புகிறது. அதில் கோளாறு என்றால் நான்கும் பாதிக்கப்பட வேண்டும். இன்ஜெக்டர் வண்டியில் ஒரு சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல் நிற்கலாம். உங்கள் வண்டியில் அதற்கு வழியில்லை. எனவே உங்கள் புகைக்குழாய் ஒரே தாளத்தில் தவறினால், கார்புரேட்டரை மாற்றும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. கார்புரேட்டரைத் தாண்டிய பிறகு, ஒரு சிலிண்டருக்குப் போகும் வழியில் மட்டும் வெளிக்காற்று கசிந்து நுழைந்தால் அந்தச் சிலிண்டரின் கலவை மட்டும் மெலியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து எந்தச் சிலிண்டர் என்று பார்க்க வேண்டும். இன்ஜின் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், நின்ற இடத்தில்) ஓடும்போது ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி, சத்தம் மாறுகிறதா என்று கவனிப்பதுதான் பழைய முறை. நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் இன்ஜின் உடனே தடுமாறும். செத்த சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எந்த மாற்றமும் இருக்காது. ஆனால் இதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது, அந்த வயரில் பல்லாயிரம் வோல்ட் ஓடுகிறது, வெறுங்கையால் தொடக்கூடாது. இரண்டாவது, கழற்றிய வயரைக் காற்றில் தொங்கவிட்டால் வெளியேற வழியில்லாத மின்சாரம் காயிலையோ இக்னைட்டரையோ கெடுத்துவிடலாம். ஆகவே இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு வயரைக் கழற்றி, அதன் முனையில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அந்தப் பிளக்கின் இரும்பு உடலை இன்ஜினோடு நன்றாகத் தொட வைத்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். சில விநாடிகள் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். நான்குக்கும் அப்படியே. விசிறிப் பக்கம் துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி எதுவும் தொங்கக்கூடாது. இதைச் செய்யத் தயக்கமாக இருந்தால் ஃபோர்மனை (பட்டறை மெக்கானிக்கை) செய்யச் சொல்லி நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். சில நிமிட வேலைதான். செய்து காட்ட மறுக்கும் பட்டறையில் வண்டியை விட வேண்டாம்.

பிளக்குகளைக் கழற்றும்போது எந்தப் பிளக் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று வரிசை மாறாமல் வையுங்கள். ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதலாவது. முனை வெளிர் பழுப்பாக இருந்தால் அந்தச் சிலிண்டர் ஒழுங்காக எரிகிறது. பெட்ரோல் நனைந்து வாசனை அடித்தால் கலவை வருகிறது, தீப்பொறியோ அழுத்தமோ இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் வழியாகவோ வால்வுத் தண்டு வழியாகவோ எண்ணெய் இறங்குகிறது. வெள்ளையாக வெந்திருந்தால் அங்கே காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். புதுப் பிளக் போட்டுச் சில வாரங்கள்தான் ஆகின்றன என்றாலும் இந்த அடையாளங்கள் அதற்குள் படிந்திருக்கும். பிளக் இடைவெளியையும் பாருங்கள். அந்தக் காலத்து டொயோட்டாக்களில் பெரும்பாலும் 0.8 மில்லிமீட்டர். பெட்டியிலிருந்து எடுத்ததை அளக்காமல் அப்படியே பூட்டிவிடுவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கிறது.

இப்போது மழையையும் மேட்டையும் எடுத்துக்கொள்வோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரிகள் இவைதான். பாரம் ஏற்றி ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் கலவை அதிகமாக நுழைகிறது, உள்ளழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தீப்பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும். அப்போது மின்சாரம் எளிதான வழியைத் தேடும். டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை நான்கு சிலிண்டர்களுக்கும் பங்கிடும் பாகம்) மூடியில் மெல்லிய விரிசல் இருந்தால், வயரின் உறையில் ஓட்டை இருந்தால், அந்த வழியாக இன்ஜின் உடலுக்கு ஓடிவிடும். ஈரம் சேர்ந்தால் அந்த வழி இன்னும் எளிதாகிவிடும். மேட்டிலும் மழையிலும் ஒருசேர மோசமாகிற மிஸ்ஃபயர் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கை வைப்பது உயர் மின்னழுத்தப் பக்கத்தில்தான். பிளக், வயர் மாற்றியதாகச் சொல்கிறீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும், அதற்குள் சுழலும் ரோட்டரும் மாற்றியதாக எங்கும் சொல்லவில்லை. நான் கவனித்த விடுபடல் அது.

மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உட்புறம் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கோ விளிம்புக்கோ பென்சிலால் கிறுக்கியது போல ஒரு கருங்கோடு ஓடினால், அது மின்சாரம் போட்ட பாதை. துடைத்தாலும் போகாது, மூடியை மாற்றத்தான் வேண்டும். நடுவில் உள்ள கரித்துண்டு தேய்ந்து உள்ளே போயிருக்கிறதா, ரோட்டரின் முனை கருகியிருக்கிறதா, வயர் செருகும் குழிகளுக்குள் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் இருப்பது கடற்காற்று வீசும் தீவு; செம்பும் பித்தளையும் அங்கே சீக்கிரம் பச்சை பிடிக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜின் ஓடும்போது தெளிப்புப் புட்டியால் வயர்கள் மேலும் மூடி மேலும் பனி போலத் தண்ணீர் தெளித்தால், கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். தெளித்தவுடன் உதறல் கூடினாலே போதிய சான்று. புது வயர் என்பதால் நல்ல வயர் என்று நம்பிவிடக்கூடாது. போலிச் சரக்கு சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. மல்டிமீட்டரில் அளந்தால் ஒரு வயரின் மின்தடை 25 கிலோ ஓமைத் தாண்டக்கூடாது. நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு காட்டினால் அதைத் தூக்கி எறியுங்கள்.

வயர் மாற்றியவர்கள் வரிசையைச் சரியாகச் செருகினார்களா என்பதும் சோதிக்க வேண்டியதுதான். 2ஒய் இன்ஜின் வெடிக்கும் வரிசை 1-3-4-2. ரோட்டர் சுழலும் திசையைப் பார்த்து, மூடியில் அந்த வரிசையிலேயே வயர்கள் போகின்றனவா என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். இரண்டு வயர்கள் இடம் மாறியிருந்தால் வண்டி எல்லா நேரமும் மிக மோசமாக ஓடும். உங்களுடையது அப்படித் தெரியவில்லை. ஆனால் பலர் அறியாத நுணுக்கம் ஒன்று இருக்கிறது. மூன்றாவது சிலிண்டரும் நான்காவது சிலிண்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, அடுத்தடுத்து வெடிக்கவும் செய்கின்றன. அவற்றின் வயர்களை அழகுக்காக ஒன்றாகக் கட்டி நீளமாக ஓட்டினால், மூன்றில் பாயும் மின்சாரம் நான்கிலும் ஒரு பொறியைத் தூண்டலாம். நான்காவது சிலிண்டர் அப்போதுதான் கலவையை அழுத்திக்கொண்டிருக்கும்; நேரத்துக்கு முன்பே வெடித்துவிடும். இரண்டு வயர்களையும் பிளாஸ்டிக் பிடிப்பான்களில் பிரித்து வைத்தாலே இது தீரும்.

காலை உதறல் வேறு கதையாக இருக்கலாம் என்பது என் எண்ணம். மழையிலும் மேட்டிலும் வரும் கோளாறும், நின்ற இடத்தில் வரும் கோளாறும் ஒன்றுதான் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். முப்பது வயதைத் தாண்டிய வண்டியில் இரண்டு கோளாறுகள் ஒரே சமயத்தில் இருப்பது சாதாரணம். ஒன்றைச் சரிசெய்தும் மற்றது நிற்பதால், சரிசெய்ததே வீண் என்று நினைத்து வேறு பக்கம் ஓடுகிறார்கள். ஐட்லிங்கில் உதறி, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் சீராகிற கோளாறுக்கு வழக்கமான காரணம் காற்றுக் கசிவு. ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்று மிகக் குறைவு, மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாய்த்தொகுதியில்) வேக்குவம் மிக அதிகம். ஒரு சிறு ஓட்டை வழியாக நுழையும் காற்று அப்போது பெரும் பங்காகிவிடும். வேகம் ஏறினால் அதே கசிவு மொத்தக் காற்றில் கரைந்து தெரியாமல் போகும். கார்புரேட்டருக்கு அடியில் உள்ள தடித்த இன்சுலேட்டர், மேனிஃபோல்ட் கேஸ்கெட், பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய், இறுகி வெடித்துப்போன சிறு ரப்பர் குழாய்கள் ஆகியவைதான் பழகிய குற்றவாளிகள். ஒவ்வொரு ரப்பர் குழாயையும் இடுக்கியால் மெல்ல நெரித்துப் பாருங்கள். ஒன்றை நெரித்ததும் இன்ஜின் சீரானால் கசிவு அந்தக் குழாய்க்கு அப்பால் இருக்கிறது. கேஸ்கெட் ஓரங்களில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பார்க்கலாம். எரியும் ஸ்பிரேயைத் தெளிக்கும் வழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. பொறி கசியும் வண்டியில் அதைச் செய்தால் தீப்பிடிக்கும், வேண்டவே வேண்டாம்.

சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைக்கும் தட்டு) வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றினால் சோக் தட்டு பெருமளவு மூடியிருக்க வேண்டும், சூடேறச் சூடேறத் திறக்க வேண்டும். எப்போதும் திறந்தே கிடந்தால் காலையில் கலவை மெலிந்து நான்கு சிலிண்டர்களும் தடுமாறும். அது சுத்தம் செய்து அளவு வைத்தால் தீரும் வேலை. அதற்காகக் கார்புரேட்டர் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை.

இன்ஜின் போய்விட்டதா என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்குப் பதில் சொல்லும் கருவி கம்ப்ரஷன் மானி. இன்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். இக்னிஷனைத் துண்டியுங்கள், பிளக் குழிகளின் வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியேறும்போது பக்கத்தில் பொறி பறக்கக்கூடாது. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி, மானி காட்டும் அளவு மேலே ஏறாமல் நிற்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதே அளவு நேரம். பேட்டரி தளர்ந்திருந்தால் எல்லா எண்ணும் பொய்யாகக் குறையும். முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டுச் செய்யுங்கள். இந்த வகை இன்ஜினில் 170 பிஎஸ்ஐ (மானியில் உள்ள அழுத்த அலகு) அளவில் நான்கும் நின்றால் மகிழ்ச்சி. 130க்குக் கீழே இறங்கினால் தேய்மானம். ஆனால் நான்கும் ஒன்றுபோல 145 காட்டும் முதிய இன்ஜின், மூன்று 170உம் ஒன்று 90உம் காட்டும் இன்ஜினைவிடச் சீராக ஓடும். மிஸ்ஃபயரைப் பொறுத்தவரை சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வேறுபாடே முக்கியம். 15 பிஎஸ்ஐக்கு மேல் வேறுபட்டால் காரணம் தேட வேண்டும்.

ஒரு சிலிண்டர் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் எண்ணெய் ஊற்றி மறுபடி அளக்க வேண்டும். எண் கணிசமாக ஏறினால் கசிவு பிஸ்டன் ரிங் பக்கம். எண்ணெய் அந்த இடுக்கைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. அசையாமல் நின்றால் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்பு) போயிருக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். காற்றுக் கம்ப்ரஸர் உள்ள பட்டறை என்றால், குறைந்த சிலிண்டரின் பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் குழியின் வழியாகக் காற்றை ஏற்றிக் காதால் கேட்கச் சொல்லுங்கள். சீறல் புகைக்குழாயில் கேட்டால் எக்சாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் வாயில் கேட்டால் இன்டேக் வால்வு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். இவ்வளவு துல்லியமாக இடத்தைக் காட்டும் சோதனை, ஒரு மதியப் பொழுதில் முடிகிற சோதனை இருக்கும்போது, இன்ஜின் போய்விட்டது என்று காதால் கேட்டே தீர்ப்பு எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வால்வு எரிந்திருந்தால் ஹெட்டை மட்டும் இறக்கி வேலை பார்க்கலாம். அடியில் உள்ள பிஸ்டனையும் கிராங்க்கையும் தொட வேண்டியதில்லை. இன்ஜின் முழுவதையும் பிரிப்பதற்கும் இதற்கும் ஆகும் செலவு வேறு வேறு.

வால்வு இடைவெளியைச் சரிசெய்தால் தீரும் என்று யாராவது சொல்லலாம். இந்த இன்ஜினில் இருப்பது ஹைட்ராலிக் லிஃப்டர் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வால்வுத் தள்ளி). அது தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். லிஃப்டர் பழுதானால் டக் டக் என்று தனிச் சத்தம் வரும். ரோன் 97 (ரோன் எண் கூடிய பெட்ரோல்) ஊற்றிப் பாருங்கள் என்ற அறிவுரையும் வரும். மலேசியாவில் 2009இல் ரோன் 92 நிறுத்தப்பட்டு ரோன் 95 வந்தது. உங்கள் வண்டி 92 இருந்த காலத்திலேயே ஓடியது. ரோன் எண் கூடினால் பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறன் கூடுகிறது, அவ்வளவுதான். தீப்பொறி விழாத சிலிண்டருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மேட்டில் மட்டும் நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து திணறினால் பெட்ரோல் போதாமையையும் சந்தேகிக்கலாம். அடைபட்ட ஃபில்டர், தளர்ந்த பம்ப், டேங்க்கின் அடியில் தேங்கிய தண்ணீர், தவறான மிதவை அளவு ஆகியவற்றில் எதுவும் சமதரையில் வெளியே தெரியாது. நீண்ட ஏற்றத்தில் கார்புரேட்டரின் கிண்ணம் காலியாகும்போதுதான் தெரியும். வேறுபடுத்த ஒரு வழி இருக்கிறது. தீப்பொறிக் கோளாறு மிதித்த கணத்திலேயே வெட்டும். பெட்ரோல் போதாமை, கொஞ்ச தூரம் நன்றாக ஏறிவிட்டு, பிறகு மெல்ல மெல்ல மூச்சு வாங்கும். அந்தச் சாலையில் உங்கள் வண்டி அடிவாரத்திலேயே வெட்டத் தொடங்குகிறதா, வளைவுகள் சில கடந்த பிறகா என்று கவனித்துச் சொல்லுங்கள். ஃபில்டரை எப்படியும் மாற்றிவிடுங்கள், விலை குறைவு.

காயிலும் இக்னைட்டரும் சூடேறினால் கெடுவது பழகிய கதை. உங்களுடையது சூடேறினால் அடங்குகிறது என்பதால் அவற்றைப் பட்டியலின் கடைசியில் வைக்கிறேன். இதை உறுதியாகச் சொல்லவில்லை. மேட்டில் வரும் வெட்டல் அரைமணி ஓட்டத்துக்குப் பிறகுதான் வருகிறது என்றால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்.

பணம் என்னுடையதாக இருந்தால் நான் போகும் வரிசை இது. முதலில் வயரைக் கழற்றிச் சிலிண்டரைக் கண்டுபிடிப்பேன். பிறகு கம்ப்ரஷன் அளப்பேன். நான்கும் ஒத்துப்போனால் ஓவர்ஹால் என்ற சொல்லை மறந்துவிடுவேன். பிறகு மூடியையும் ரோட்டரையும் பார்த்து, சந்தேகம் இருந்தால் இரண்டையும் நம்பகமான கடையில் வாங்கி மாற்றுவேன். பிறகு காற்றுக் கசிவைத் தேடுவேன். கடைசியாகத்தான் கார்புரேட்டரைத் திறப்பேன். அப்போதும் சுத்தம் செய்து புது கேஸ்கெட் போட்டுப் பார்ப்பேன். இடையில் சந்தேகத்துக்குரிய சிலிண்டரின் பிளக்கையும் வயரையும் பக்கத்துச் சிலிண்டரோடு ஒவ்வொன்றாக இடம் மாற்றிப் பார்ப்பேன். வயரை மாற்றும்போது மூடியில் வரிசை குலையக்கூடாது. நீளம் எட்டினால்தான் செய்யலாம். பாகத்தோடு கோளாறும் இடம் பெயர்ந்தால் குற்றவாளி அந்தப் பாகம். பெயராவிட்டால் சிலிண்டருக்குள் ஏதோ இருக்கிறது. இதற்குச் செலவே இல்லை.

இதைப் படிக்கும் டீசல் பிக்கப் உரிமையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் பிக்கப் என்றால் பெரும்பாலும் டீசல்தான். அதில் பிளக் வயரும் கிடையாது, கார்புரேட்டரும் கிடையாது. மிகப் பழைய டீசல் வண்டிகளில் இன்ஜெக்டர் குழாயின் மரையைச் சற்றுத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்பார்கள். அதைக் காமன்-ரெயில் (உயர் அழுத்தப் பொதுக்குழாய் உள்ள பிற்கால டீசல்) வண்டிகளில் ஒருபோதும் செய்யாதீர்கள். அந்தக் குழாயில் 1,000 பாருக்கும் மேலான அழுத்தம் இருக்கும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே இழக்க நேரலாம்.

எல்லாம் அளந்த பிறகு இன்ஜினை மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், ஹாஃப்-கட் இன்ஜினின் எண் உங்கள் வண்டியின் பதிவில் இருக்கும் எண்ணிலிருந்து வேறுபடும் என்பதை மறக்காதீர்கள். வாகனப் பரிசோதனைக்குக் காட்டி, ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) புது எண்ணைப் பதிய வேண்டும். இன்ஜினின் மூலத்தைக் காட்டும் ஆவணத்தைக் கடையிலிருந்து கேட்டு வாங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அதுவரை வண்டியை ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். சமதரையில், குறைந்த பாரத்தோடு, தவிர்க்க முடியாவிட்டால் ஓட்டலாம். ஆனால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். அதுவே நல்ல ரிங்குகளைக் கெடுத்துவிடும். எண்ணெய்க் கம்பியை இன்றே உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால், அல்லது மட்டம் ஏறியிருந்தால், முதலில் எண்ணெயை மாற்றுங்கள். கோளாறு தீரும்வரை பாரம் ஏற்றி மேடேற வேண்டாம். கம்ப்ரஷன் அளந்ததும் நான்கு எண்களையும் சிலிண்டர் வரிசைப்படி, எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். பிளக்குகளின் நிறத்தையும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறப் படத்தையும் சேர்த்து அனுப்பினால், இப்போது சொல்ல முடியாததை அப்போது சொல்ல முடியும்.